சிவப்புக் கோட்டுக்கு அடியில்

ஏப்ரல் 16, செவ்வாய்

தூக்கம்: இல்லை.
மலம்: ஒருமுறை.
உணவு: காலை இட்லி மூன்று. மதியம் ரசம் சாதம். இரவு கோதுமைக் கஞ்சி.
எண்ணம்: ஒன்றும் இல்லை.

இந்த நாலையும் தினமும் எழுதிக்கொண்டு வர வேண்டும் என்று டாக்டர் பிரசீதா இந்த நோட்டைக் கொடுத்தார். முப்பத்தொரு வருஷம் வேதியியல் வாத்தியாராக இருந்து பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போட்டவனுக்கு, கடைசியில் ஒரு ரெக்கார்டு நோட்டு. மலத்தை எழுதச் சொன்னதுகூடப் பரவாயில்லை. எண்ணத்தை எழுதச் சொன்னதுதான் அதிகப்படி.

வைத்தியசாலை பாலக்காடு ரோட்டில், டைல்ஸ் கடைக்கு மேலே. டாக்டருக்கு முப்பத்திரண்டு வயது இருக்கும். பாலக்காட்டுப் பெண். என் நாடியைப் பிடித்தபடியே மூன்று முறை கொட்டாவி விட்டார். வீட்டில் கைக்குழந்தை தூங்க விடுவதில்லையாம். தூக்கத்துக்கு வைத்தியம் பார்க்க வந்த இடத்தில் இது நல்ல சகுனம்தான்.

என்னை இழுத்துப் போனது கலாமணி. என் பெண்டாட்டி. “கை நடுங்குதுங்க, ராத்திரியெல்லாம் எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்துக்கறாரு. மே முப்பத்தொண்ணு ரிட்டயர்டு ஆகறாருங்க, அந்தக் கவலைதான்” என்று அவளே நோயையும் சொல்லி, காரணத்தையும் சொல்லிவிட்டாள். நான் மறுக்கவில்லை. சௌகரியமான காரணம்.

நாக்கைப் பார்த்துவிட்டு, வாதம் கூடியிருக்கிறது, மனசு காற்று மாதிரி நிற்காமல் அலைகிறது என்றார் டாக்டர். எவ்வளவு கூடியிருக்கிறது, அதற்கு அலகு என்ன என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. கேட்கத் தெம்பு இல்லை.

ஏப்ரல் 17, புதன்

தூக்கம்: ஒரு மணி நேரம்.
காபியை நிறுத்தினேன். தலைவலி.

ஏப்ரல் 18, வியாழன்

தலைவலி.

ஏப்ரல் 19, வெள்ளி

தூக்கம்: ஒன்றரை மணி நேரம் இருக்கலாம்.
மலம்: இரண்டு முறை. கஷாயத்தின் கைங்கரியம்.
எண்ணம்: இல்லை.

என் தினசரி வாழ்க்கை இப்போது இப்படி. காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் கஷாயம், மூன்று ஸ்பூன், நாலு மடங்கு வெந்நீர் கலந்து. ஏழு மணிக்கு உச்சந்தலையில் க்ஷீரபலா தைலம். அரை மணி நேரம் ஊறிவிட்டுப் பயத்தமாவு தேய்த்துக் குளியல். குளித்ததும் ராஸ்னாதிப் பொடியை உச்சியில் தேய்க்க வேண்டும், சளி பிடிக்காமலிருக்க. புளி, கத்தரிக்காய், காரம், மிச்சர், டிவி விவாதம் எல்லாம் தள்ளுபடி. படுக்கப்போகும்போது பாலில் அசுவகந்தா. உள்ளங்காலில் எண்ணெய்.

உள்ளங்காலில் எண்ணெய் தேய்ப்பவள் கலாமணி. தேய்க்கிற தேய்ப்பில், எனக்கு ஐம்பத்தொன்பது வயதில் பிரசவம் பார்க்கிற மாதிரி இருக்கிறது. கஷாயத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். ஆய்வகத்தில் வாயில் எதையும் வைக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி அலுத்தவன் நான்.

“படிச்ச வாத்தியாரு, ஒரு மொடக்குக் கசாயத்துக்கு இந்தப் பாடா” என்றாள்.

நான் வழக்கம்போல, உனக்கு மூணு மார்க் போட்டிருந்தால் நீ படித்த வாத்தியாரம்மா ஆகியிருப்பாய், நான் தப்பித்திருப்பேன் என்றேன். அவள் பத்தாவதில் கணக்குப் பாடத்தில் மூன்று மார்க்கில் தோற்றவள். தோற்ற அந்த ஆவணியிலேயே எனக்குக் கட்டிவைத்துவிட்டார்கள். அந்த மூன்று மார்க்குக்கு நான் கடன்பட்டவன் என்று முப்பத்து நாலு வருஷமாகக் கேலி பேசி வருகிறேன். எப்போதும் சிரிப்பாள். இன்றும் சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் 22, திங்கள்

டாக்டரிடம் நோட்டைக் காட்டும் நாள். புரட்டிப் பார்த்தார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மிச்சமிருந்த காலி இடத்தில் சிவப்புப் பேனாவால் குறுக்கே ஒரு கோடு இருந்ததைப் பார்த்து, இது எதற்கு என்று கேட்டார். அப்போதுதான் நானே கவனித்தேன்.

பழக்கம் என்றேன். விடைத்தாள் திருத்தும்போது காலி இடத்தையெல்லாம் குறுக்குக் கோடு போட்டு அடைத்துவிட வேண்டும், பிறகு யாரும் அதில் ஏதும் எழுதிச் சேர்க்க முடியாதபடி. பையில் எப்போதும் சிவப்புப் பேனா இருக்கும், கை தானாகப் போகும் என்றேன். டாக்டர் மறுபடி நாடியைப் பிடித்தார். இந்த முறை கொட்டாவி விடவில்லை.

“சாரே, வேற ஏதெங்கிலும் இருக்கா?” என்றார்.

ஒன்றுமில்லை என்றேன். வெள்ளிக்கிழமை முதல் ஏழு நாள், நெற்றியில் தைலம் ஊற்றும் தாரை செய்யலாம் என்று எழுதிக்கொடுத்தார்.

ஏப்ரல் 24, புதன்

தூக்கம்: இரண்டு மணி நேரம்.

தலைமையாசிரியர் வீட்டுக்கு வந்திருந்தார். பிரிவு உபசார விழாவுக்கு யார் யார் பேசுவது என்று முடிவு செய்ய. கலாமணி அவருக்குக் காபி கொடுத்தாள். அந்த வாசனையில் எனக்குக் கண்ணீர் வராத குறை.

“இந்தக் காலத்துல ஒரு மெமோகூட வாங்காம முடிக்கிறது சாதாரணங்களா சார்? உங்க சர்வீஸ் புக்கப் பிரேம் போட்டு மாட்டலாமுங்க” என்றார் அவர்.

எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்த பயம் ஒன்று உண்டு. கடைசி நாள் மாலையும் சால்வையுமாக உட்கார்ந்திருக்கும்போது, சாயங்காலம் ஒரு கவர் வரும். பழைய ஏதோ ஒரு தவறுக்கு விசாரணை, ஆகவே ஓய்வுபெற அனுமதி இல்லை என்று இருக்கும். என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு அப்படி வந்தது. மனுஷன் அந்த மாலையைக் கழற்ற மறந்து பஸ் ஏறிப் போனார். பதினெட்டு மாதம் நாய் படாத பாடு பட்டார்.

தலைமையாசிரியர் போன பிறகு வாந்தி எடுத்தேன். கஷாயம் ஒத்துக்கொள்ளவில்லை என்று கலாமணியிடம் சொன்னேன்.

ஏப்ரல் 26, வெள்ளி

தாரை, முதல் நாள். மரப்பலகையில் மல்லாந்து படுக்க வைத்து, கண்ணில் எண்ணெய் இறங்காமல் நெற்றியில் துணியைக் கட்டினார்கள். தலைக்கு மேலே தொங்கும் சட்டியின் அடியில் துளை, அதில் திரி. திரி வழியாக வெதுவெதுப்பான தைலம் நெற்றியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கோடாக விழுந்துகொண்டே இருக்கும். சட்டியை ஆட்டுகிற தம்பி பேசவே கூடாதாம். நாற்பத்தைந்து நிமிஷம்.

ஒன்றும் நினைக்காதீர்கள் என்றார் டாக்டர். நெற்றியில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு விழும்போது நான் என்னத்தை நினைப்பேன்? சாப்பாட்டு மணி அடித்தது. நாற்காலிகளைத் தள்ளும் சத்தம் கேட்டது. பென்சிலில் போட்ட படம் ஒன்று தெரிந்தது.

இவ்வளவு போதும்.

ஏப்ரல் 27, சனி

தூக்கம்: மூன்று மணி நேரம்.

ஏப்ரல் 29, திங்கள்

தூக்கம்: நாலரை. நடுவில் விழிக்கவில்லை.
கை நடுக்கம் குறைந்திருக்கிறது. கலாமணி மாரியம்மனுக்கும் டாக்டருக்கும் சமமாக நன்றி சொல்கிறாள்.

மே 2, வியாழன்

தூக்கம்: ஏழு மணி நேரம்.
மலம்: சுகம்.
உணவு: நன்றாகப் பசித்தது.

தாரை இன்றோடு முடிந்தது. இந்த வைத்தியத்தைக் கேலி செய்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வேலை செய்கிறது. காலையில் வாசலில் நின்று பல் துலக்கியபோது, எதிர்வீட்டு முருங்கையில் அணில் ஓடுவதைக் கொஞ்ச நேரம் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மாதமாக அப்படி எதையும் பார்த்ததில்லை.

குளித்துவிட்டு வந்த பிறகுதான் பயம் பிடித்தது. தினமும் கண் விழித்ததும் தானாக வந்து நிற்கும் ஓர் எண் இன்று வரவில்லை. தேடினேன். கட்டு எண் நாற்பத்தொன்று, அது சரி. ஏழாவதா, எட்டாவதா? போன வாரம்வரை நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. இப்போது குத்தவில்லை, ஞாபகமும் இல்லை. இன்னும் பத்து நாள் இப்படியே தூங்கினால் எல்லாமே போய்விடும். போய்விட்டால் நிம்மதிதான். எனக்கு நிம்மதி. ஆனால் அந்த எண் என் ஒருவன் தலையில் மட்டும்தான் இருக்கிறது.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் தெரிந்தவரை எழுதி வைத்தேன். டாக்டர் புரட்டுவார் என்று, அதன் மேலே குறுக்கே ஒரு கோடும் போட்டுவிட்டேன்.

அசுவகந்தா பாலை இன்று வாஷ்பேசினில் கொட்டினேன்.

மே 6, திங்கள்

பிளஸ் டூ ரிசல்ட். எங்கள் பள்ளியில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. தலைமையாசிரியர் லட்டு அனுப்பினார். பத்தியம் என்று சொல்லித் தின்னவில்லை.

எந்த ஊர்ப் பேப்பர் எந்தத் திருத்தும் முகாமுக்குப் போகும் என்று எங்களுக்குச் சொல்லமாட்டார்கள். பெயர் இருக்காது, வேறொரு எண்தான் இருக்கும். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. இன்று எங்கோ ஒரு வீட்டில் செல்போனைச் சுற்றி நாலு பேர் நின்று பார்த்திருப்பார்கள். வேதியியலில் பாஸுக்கு இரண்டு மார்க் குறைவு என்று வந்திருக்கும். மறுகூட்டலுக்கு மனுப் போடச் சனிக்கிழமை கடைசி. இப்படிப் போன பிள்ளைகளில் பாதிப் பேர் போடமாட்டார்கள். நான் எழுதியதே அவ்வளவுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

தூக்கம்: இல்லை.

மே 7, செவ்வாய்

இனி மறைக்க ஒன்றும் இல்லை, எழுதிவிடுகிறேன்.

இன்று வைத்தியசாலையில் டாக்டர் மருந்தின் அளவைக் குறித்துக்கொடுக்க நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். பேனாவை வைக்கப்போனவர் நிறுத்திவிட்டார்.

“இது கேன்சல் ஆக்கியதா சாரே?”

ஆமாம் என்றேன்.

“கோட்டுக்கு அடியில எழுத்து இருக்கே.”

அவர் நோட்டைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுத்துக்கூட்டிப் படித்தார். தமிழ் படிக்க அவருக்கு நேரம் பிடிக்கும். அந்தப் பக்கத்தில் இருந்தது ஐந்து வரிதான். ஆனாலும் முழுதும் படித்தார். சிவப்புக் கோட்டைப் பார்த்த பிறகும் ஒருவர் நிறுத்திப் படிக்கிறாரே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பேப்பருக்கு இவ்வளவுதான் தேவைப்பட்டது.

பிறகு சொன்னேன். ஏப்ரல் ஐந்து, திருத்தும் முகாம். காலை வேளைக்குப் பன்னிரண்டு பேப்பர். நான் வேகத்துக்குப் பேர்போனவன், என் மேஜைதான் எப்போதும் முதலில் முடியும். கட்டின் வரிசை பார்க்காமல் எடுத்துத் திருத்துவேன், அன்று கடைசியாக எடுத்த பேப்பரில் பிள்ளை பாதியோடு நிறுத்தியிருந்தது. மார்க்கைக் கூட்டிப் போட்டேன், பாஸுக்கு இரண்டு குறைந்தது. அதன் பிறகு வெறும் பக்கங்கள். விரலால் தள்ளித் தள்ளிச் சரசரவென்று கோடு இழுத்துக்கொண்டே போனேன். கடைசிக்கு முந்தின பக்கத்தில் எழுத்து இருந்தது. ஐந்து மார்க் கேள்விக்குப் பக்கம் நிறைய விடை, கீழே பென்சிலில் ஸ்கேல் வைத்துப் போட்ட படம். எதையோ விட்டுவிட்டுக் கடைசி நிமிஷத்தில் ஞாபகம் வந்து, பின்னால் போய் எழுதியிருக்கிறது. அதன் மேலேயும் என் கோடு விழுந்திருந்தது.

அப்போது சாப்பாட்டு மணி அடித்தது. வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று கட்டின் மேலே வைத்துவிட்டுப் போனேன். தயிர்சாதம், உருளைக்கிழங்கு. திரும்பி வந்தபோது மேஜை காலி. கட்டுகளைச் சரிபார்க்கிறவரிடம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சரிபார்க்கிறவர் சிவப்புக் கோட்டைக் கண்டால் படிக்கமாட்டார், புரட்டிவிடுவார். நாங்கள் எல்லோரும் அப்படித்தான். அந்த மேஜை பத்தடி தூரத்தில் இருந்தது. எழுந்து போய், அந்தப் பேப்பரைக் கொடுங்கள் என்றால் முடிந்தது. ஆனால் ஏன் என்று எழுதிக்கொடுக்கச் சொல்வார்கள். ஐம்பத்தாறு நாளில் ரிட்டயர்டு ஆகிறவன் என்று உட்கார்ந்துவிட்டேன்.

மறந்து செய்ததில்லை இது. பார்த்துவிட்டு உட்கார்ந்தது.

டாக்டர் உபதேசம் எதுவும் செய்யவில்லை. மனுப் போட எத்தனை நாள் இருக்கிறது என்று மட்டும் கேட்டார். நாலு நாள் என்றேன்.

“தூக்கம் வராதெ இருந்தது வாதம் மட்டும் அல்ல, இல்லையா?” என்றார். பிறகு, “கஷாயம் நிறுத்த வேண்டா. உடம்பு நல்லா இருந்தாத்தானே போய்ச் சொல்ல முடியும்” என்று அளவை எழுதிக்கொடுத்தார். அந்த ஐந்து வரிக்குக் கீழே, கோட்டைத் தொடாமல்.

மே 8, புதன்

கலாமணியிடம் சொன்னேன். அடுப்படியில் கஷாயத்துக்கு வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தாள்.

முதலில், “ரெண்டு மார்க்குக்கா இத்தனை எண்ணெய ஊத்துனோம்?” என்றாள். அவளுக்குப் புரியவில்லை என்று நினைத்தேன். பென்ஷன் நிற்கலாம், விழா நடக்காமல் போகலாம், ஊர் பேசும், இருக்கிற நாளை அப்படியே ஓட்டிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று எல்லாவற்றையும் நானே அடுக்கினேன். அவள் வேண்டாம் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அவள் அடுப்பை அணைத்தாள்.

“ஏனுங்க, எம் பேப்பரையும் இப்படித்தான் யாராச்சும் சோத்து நேரத்துல திருத்தியிருப்பாங்களா?”

நான் கஷாய டம்ளரை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

“நானு அந்தக் கணக்கெல்லாம் போட்டிருந்தனுங்க. வந்து அண்ணங்கிட்டச் சொன்னேன், நம்பல. நானே நம்பாம வுட்டுட்டேன்” என்றாள். அழவில்லை. கஷாயத்தை ஊற்றிக் கையில் கொடுத்தாள்.

முப்பத்து நாலு வருஷம் கேலி பேசியிருக்கிறேன். ஒரு தடவைகூட, நீ எப்படி எழுதியிருந்தாய் என்று கேட்டதில்லை.

மே 9, வியாழன்

கடிதத்தோடு கோயமுத்தூர் தேர்வுத்துறை அலுவலகத்துக்குப் போனேன். கட்டு எண் 41, ஏழாவது அல்லது எட்டாவது, கடைசிக்கு முந்தின பக்கம், தவறு என்னுடையது, பார்த்தும் சொல்லவில்லை. சுருக்கமாக எழுதியிருந்தேன். கலாமணியும் கூட வந்தாள், தண்ணீர் பாட்டிலில் வெந்நீரோடு.

பெரிய அதிகாரி வெளியில் போயிருந்தார். கண்காணிப்பாளர் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். நல்ல மனுஷர். “சார், இன்னும் இருவத்திரெண்டு நாளுங்க. அந்தப் புள்ள ஜூன்ல மறுபடி எழுதிப் பாஸ் பண்ணிக்கும். இதக் கொண்டுபோயிக் கிழிச்சுப் போடுங்க, நானும் பாக்கல” என்றார்.

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறேன் என்று எனக்கும் தெரியும். அவர் நீட்டிய கடிதத்தை வாங்கவும் கை போயிற்று. வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த கலாமணியின் சேலை முந்தானை கதவிடுக்கில் தெரிந்தது. பெற்றுக்கொண்டதற்குச் சீல் வைத்துக் கொடுங்கள் என்றேன்.

திரும்பும்போது பஸ் கிணத்துக்கடவில் நின்றது. அங்கே இறங்கி ஒரு காபி குடித்தேன். டாக்டரிடம் சொல்லிவிடுவேன்.

மே 10, வெள்ளி

தூக்கம்: இரண்டு மணி நேரம்.
எண்ணம்: பென்ஷன். பென்ஷன். பென்ஷன்.

மே 17, வெள்ளி

கண்காணிப்பாளர் போன் செய்தார். கட்டைப் பிரித்துப் பன்னிரண்டு பேப்பரையும் பார்த்தார்களாம். ஏழும் இல்லை, எட்டும் இல்லை, ஐந்தாவது. எனக்கு அவ்வளவு மறந்துபோயிருந்தது. புதிதாக ஒருவரை வைத்துத் திருத்தியதில் நாலு மார்க். பாஸ். திருத்திய மார்க்கைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள்.

பையனா பெண்ணா என்று கேட்டேன். சொல்லக் கூடாதுங்க என்றவரே பிறகு, “பொம்பளப் புள்ளைங்க. அதோட அம்மா வந்து ஹெட்மாஸ்டர் காலப் புடிச்சுதாமா, எம் புள்ள எழுதுனேன்னு சொல்லுதுங்க, யாரும் நம்ப மாட்டேங்கறாங்கன்னு” என்றார்.

கலாமணியிடம் சொன்னேன். பித்தளைக் குடத்தைப் புளிபோட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு, ரொம்ப நேரம் அதே குடத்தைத் தேய்த்தாள்.

மே 31, வெள்ளி

விழா நடந்தது. தலைமையாசிரியர் சர்வீஸ் புக்கைப் பற்றிப் பேசாமல், என் நேரந்தவறாமையைப் பற்றிப் பேசினார். நாலரைக்குக் கவர் வந்தது. விசாரணை முடியும்வரை ஓய்வுபெற அனுமதி இல்லை. எதிர்பார்த்ததுதான், ஆனாலும் வரிகள் மங்கலாகத் தெரிந்தன. பிரியாணிக்கு உட்கார்ந்தவர்கள் பாதியில் எழுந்தார்கள். சிலர் பக்கத்தில் வந்தார்கள், சிலர் வண்டியை எடுத்தார்கள்.

நான் மாலையைக் கழற்ற மறக்கவில்லை. கழற்றிக் கலாமணியிடம் கொடுத்தேன். அவள் அதைப் பையில் வைத்துக்கொண்டு, போலாமுங்க, எண்ணெய் தேய்க்கணும் என்றாள்.

ஜூன் 1, சனி

தூக்கம்: ஐந்து மணி நேரம். நடுவில் இரண்டு முறை விழித்தேன். பயம் இருக்கிறது.
மலம்: ஒருமுறை.
உணவு: கஞ்சி. தேங்காய்த் துவையல், புளி இல்லாமல்.
எண்ணம்: அந்தப் பெண் அடுத்து என்ன படிப்பாள்?

டாக்டர் அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார். புது நோட்டு வேண்டாமாம், இதிலேயே இன்னும் பதினான்கு பக்கம் காலியாக இருக்கிறது. நான் எழுதி முடித்ததைப் பார்த்து, கலாமணி என் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்து வந்தாள். வேண்டாம், இடம் அப்படியே இருக்கட்டும் என்றேன். உனக்கு அந்தக் கணக்குகள் ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். ஒண்ணு இருக்குதுங்க என்று நோட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.